குணம் பார்த்து ஆள் எடுப்பது தப்பா?

கேள்வி: நான் ஒரு சிறிய கேட்டரிங் நிறுவனம் நடத்துகிறேன். சமையலறை, டெலிவரி, அலுவலகம் எல்லாம் சேர்த்து 17 பேர். ஆர்டர் எடுப்பது, வாடிக்கையாளரிடமும் சமையலறையிடமும் பேசி எல்லாவற்றையும் நேரத்துக்கு நடத்திக் கொடுப்பது, இதற்கு ஒருவர் தேவைப்படுகிறார். இரண்டு பேரை நேர்காணல் செய்தோம். ஒருவர் 27 வயதுத் தம்பி. வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டார். இன்னொருவர் ஐம்பதைத் தாண்டிய அம்மா. கேட்டதற்கு மட்டும்தான் பதில். ஆனால் எங்கள் ஆர்டர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “அலர்ஜி விவரத்தை எங்கே எழுதுவீங்க?” என்று கேட்டார். அதற்கு எங்கள் படிவத்தில் இடமே இல்லை.

என் கொழுந்தனார்தான் பங்குதாரர். “அந்தம்மா நம்ம டீமோட ஒட்ட மாட்டாங்க” என்கிறார். இருவரையும் இணையத்தில் ஓர் இலவச ஆளுமைத் தேர்வு எழுதச் சொன்னோம். நான்கு எழுத்தில் முடிவு வந்தது. அந்தம்மா ‘இன்ட்ரோவர்ட்’, அதாவது அதிகம் பேசாமல் ஒதுங்கியிருப்பவர், என்று போட்டிருந்தது. கொழுந்தனாருக்கு அது போதும். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதே சமயம் பயமும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு நல்ல கைப்பக்குவம் உள்ள ஒரு தலைமைச் சமையல்காரரை எடுத்தோம். அவர் வாய்க்குப் பயந்தே மூன்று பேர் அடுத்தடுத்து வேலையை விட்டுப் போனார்கள். குணம் பார்க்காமல் எடுத்ததால்தானே அப்படி ஆயிற்று? குணம் பார்ப்பது தப்பா? சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?
— வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

குணம் பார்ப்பது தப்பில்லை. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய என்னென்ன நடத்தை வேண்டுமோ அதை விண்ணப்பதாரரிடம் தேடிப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 200 பேர் விருந்துக்கு ஆர்டர் எடுப்பவர் கவனமாக இருக்கிறாரா, பதற்றத்தில் அடுத்தவர் மேல் எரிந்து விழாமல் இருக்கிறாரா, தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிறாரா என்பதெல்லாம் உங்கள் கவலைதான். அதற்கு அப்பால், இவர் எப்படிப்பட்ட மனிதர், கலகலப்பானவரா, அடக்கமானவரா, நம்மோடு டீ குடிக்க வருவாரா என்று எடைபோட்டு அதை வைத்து ஒருவருக்குச் சம்பளம் கிடைக்குமா கிடைக்காதா என்று முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை என்பது என் திடமான கருத்து. உங்கள் கொழுந்தனார் செய்வது இந்த இரண்டாவது காரியம்.

முதலில் அந்தச் சமையல்காரர் விஷயத்தைப் பேசிவிடுகிறேன். உங்கள் பயம் அங்கிருந்துதான் வருகிறது. அந்த மனிதரை எடுத்த நாளில் குணம் பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேர்காணலில் அவர் உங்கள் முன் கத்தியிருக்க மாட்டார். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது, லாரி கீழே காத்திருக்கும்போது, தனக்குக் கீழே இருக்கும் ஆளிடம் எப்படிப் பேசுவார் என்பது ஏர்கான் அறையில் உட்கார்ந்து கேட்கும் கேள்விக்குத் தெரியாது. ஆளுமைத் தேர்வு எழுதச் சொல்லியிருந்தால் “நான் பொறுமைசாலி” என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பார். யார்தான் போட மாட்டார்?

என் கேள்வி வேறு. முதல் ஆள் விட்டுப்போனபோது என்ன செய்தீர்கள்? இரண்டாவது ஆள் போனபோது? அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “சமையலறையில் யாரையும் இப்படிப் பேசக் கூடாது, இனி ஒருமுறை நடந்தால் எழுத்தில் எச்சரிக்கை” என்று யாராவது சொன்னார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கைப்பக்குவம் நன்றாக இருக்கிறது, பிசினஸ் ஓடுகிறது என்று பல முதலாளிகள் இதைப் பார்த்தும் பாராமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு, ஆளெடுப்பில் கோட்டைவிட்டோம் என்று வருத்தப்படுகிறார்கள். பாதிப் பிரச்சினைகளுக்கு மேல் ஆள் வந்த பிறகு நடத்துவதில்தான் இருக்கின்றன. அதை வாசலிலேயே வடிகட்டிவிடலாம் என்று நினைத்தால், தவறே செய்யாத அடுத்த விண்ணப்பதாரர் அதற்கு விலை கொடுப்பார். இப்போது அந்தம்மா கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆளெடுக்கும்போது செய்திருக்கக்கூடிய ஒரே ஒரு நல்ல காரியம், அவருடைய பழைய முதலாளியிடம் சரியான கேள்வி கேட்பது. “ஆள் எப்படி?” என்று கேட்டால் “நல்ல ஆள்தான்” என்று பதில் வரும். “அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எவ்வளவு காலம் நின்றார்கள்?” என்று கேட்டால் அந்தப் பக்கம் சற்று மௌனம் வரும். அந்த மௌனமே உங்களுக்குப் போதும். விண்ணப்பதாரரின் சம்மதத்தோடு இதைக் கேளுங்கள். எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

இனி, “ஒட்ட மாட்டாங்க.”

ஆளெடுக்கும் குழுக்களில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். இந்தச் சொல் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். தகுதி சரி, அனுபவம் சரி, சம்பளமும் ஒத்துவருகிறது, ஆனாலும் ஏதோ ஒன்று மனத்துக்குப் பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை என்கிற இடத்தில் வரும். யாரும் அதை எதிர்த்துப் பேச முடியாது. அளந்து காட்டவும் முடியாது. அதனால்தான் அது அவ்வளவு வசதியான சொல்லாக இருக்கிறது.

அமெரிக்காவில் லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் முதலீட்டு வங்கிகள், சட்ட நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் ஆளெடுப்பவர்கள் 120 பேரிடம் பேட்டி எடுத்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒருவர் நிறுவனத்துக்குப் பொருந்துவார் என்று சொல்லும்போது அவர்கள் பெரும்பாலும் பார்த்தது, தங்களைப் போன்ற பொழுதுபோக்கு, தங்களைப் போன்ற வாழ்க்கைப் பின்னணி, தங்களைப் போன்ற பேச்சு. வேலைத் திறமையைவிடச் சில சமயம் இதற்கே எடை கூட இருந்தது. படித்த, பெரிய இடத்து ஆட்களே இப்படித்தான்.

நம் பக்கம் வருகிறேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். இங்கே தமிழர்கள் நடத்தும் சின்ன நிறுவனங்களில் “நமக்கு செட் ஆகிற ஆள்” என்பதற்குள் நிறைய ஒளிந்திருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவரா, ஊரிலிருந்து வந்தவரா? ஆங்கிலம் நம்மைப் போலப் பேசுகிறாரா? “சொந்த ஊர் எது?” என்று அன்பாகத் தொடங்கும் விசாரிப்பு, தெரு வரை போய், சாதி வரை போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டவரும் அதைச் சாதி கேட்டதாக நினைக்கவில்லை, பேச்சு வாக்கில் கேட்டதாகத்தான் நினைத்தார். பதில் சொன்னவருக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. உங்கள் கொழுந்தனார் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காரணம் சொல்லாத ஒரு முடிவுக்குள் எது வேண்டுமானாலும் புகுந்துகொள்ளும். அதனால்தான் காரணத்தைக் கேட்கச் சொல்கிறேன்.

கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். “ஒட்ட மாட்டாங்க என்றால், எந்த வேலை கெடும் என்று சொல்லுங்கள்” என்று மட்டும் கேளுங்கள். “சமையலறை முடியாது என்று சொன்னால் இவர் திரும்பப் பேச மாட்டார்” என்று அவர் சொன்னால், சரி, அது நியாயமான கவலை. அதைச் சோதித்துப் பார்க்கலாம். “சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் சேர்ந்து உட்காருவோம், இவர் தனியாக உட்காருவார்” என்றால், அதற்கும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கும் வாடகை கட்ட வேண்டும், வீட்டுக் கடன் கட்ட வேண்டும்.

அந்தம்மா ஏன் குறைவாகப் பேசினார் என்பதும் நமக்குத் தெரியாது. நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்ததா? ஆங்கிலத்தில் தேடித் தேடிப் பேசுகிறவர்கள் தமிழில் வேறு ஆளாக இருப்பார்கள். வேலையை இழந்து சில மாதம் ஆனவர் வாய் அடைத்துப் போயிருப்பார். ஐம்பது வயதில், தன் பிள்ளை வயதுக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து தன்னை விற்கச் சொன்னால் பலருக்குக் கூச்சம் வரும். நம் வீடுகளில், பெரியவர்கள் முன் அளந்து பேசு என்று சொல்லித்தானே வளர்த்தார்கள்? அரைமணி நேரப் பேச்சில் தெரிந்தது அவருடைய குணமா, அன்றைய சூழ்நிலையா என்று பிரித்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

அந்தத் தேர்வைப் பற்றி. நான்கு எழுத்தில் முடிவு தரும் தேர்வுகளெல்லாம் மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற பழைய முறையைப் பார்த்து உருவானவை. கேத்தரின் பிரிக்ஸ் என்பவரும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உளவியலாளர் கார்ல் யுங்கின் கருத்துகளை அடிப்படையாக வைத்து அதை உருவாக்கினார்கள். இருவருமே முறையாக உளவியல் பயின்றவர்கள் அல்லர். அது பெரிய குற்றமில்லை. பெரிய விஷயம் இதுதான்: அந்தத் தேர்வை விற்கும் நிறுவனமே ஆளெடுப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. தன்னைத் தானே புரிந்துகொள்ளவும், ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்ளவும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். விற்கிறவரே வேண்டாம் என்கிற இடத்தில், அதைப் பார்த்துச் செய்த இலவசப் பதிப்பை வைத்து ஒருவர் பிழைப்பை முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்?

“ஆனால் என் முடிவைப் படித்துப் பார்த்தேன், அச்சு அசலாக நான்தான்” என்று பலர் சொல்வார்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அவரவர் குண விவரம் என்று ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்த வரிகள் அவை. படித்தவருக்குப் பொருந்துவதுபோல் தோன்றுவது ஒரு தேர்வுக்குச் சான்று ஆகாது.

ஆராய்ச்சி அடிப்படையில் நிற்கும் ஆளுமை அளவீடுகளும் இருக்கின்றன என்பதை மறைக்கக் கூடாது. ஐந்து பெரும் பண்புகள் என்று உளவியலில் சொல்வார்கள். 1991-இல் மரே பாரிக், மைக்கேல் மவுண்ட் என்ற இருவர் 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொறுப்போடு, ஒழுங்காக, எடுத்ததை முடிக்கும் பண்பு எல்லா வகை வேலைகளிலும் ஓரளவு கைகொடுத்தது. கலகலப்பு, விற்பனையிலும் மேலாளர் வேலையிலும் உதவியது. ‘ஓரளவு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தொடர்பு உண்மையானது, ஆனால் சிறியது. பெரிய கூட்டத்தில் சராசரியாகத் தெரியும் ஒரு சாய்வை வைத்து, உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. விற்பனை வேலைக்குக்கூட ரொம்பப் பேசுகிறவர்தான் சிறந்தவர் என்றில்லை. உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013-இல் தொலைபேசி விற்பனையாளர்களை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு ஓரத்திலும் இல்லாமல் நடுவில் இருந்தவர்கள்தான் அதிகம் விற்றிருந்தார்கள். உங்கள் வேலை விற்பனைகூட இல்லை. ஆர்டரைச் சரியாகக் கேட்டு, சரியாக எழுதி, சரியாகச் சமையலறைக்குச் சேர்க்க வேண்டிய வேலை.

இந்தத் தேர்வுகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு. அமெரிக்காவில் டார்கெட் கடைகள் பாதுகாவலர் வேலைக்கு வந்தவர்களுக்கு 704 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு வைத்தன. மத நம்பிக்கை பற்றிய கேள்வியும் பாலுறவு நாட்டம் பற்றிய கேள்வியும் அதில் இருந்தன. கடையில் திருட்டைத் தடுப்பவர் எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன? 1991-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் விண்ணப்பதாரர்கள் பக்கம் நின்றது. 1993-இல் நிறுவனம் பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2005-இல் வேறொரு வழக்கில், மனநோய்களைக் கண்டறியப் பயன்படும் ஒரு தேர்வைப் பதவி உயர்வுக்கு வைப்பது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம் என்று ஓர் அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. அது அந்த நாட்டுச் சட்டம்தான். ஆனால் அதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு: குணத்தைத் துருவிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒருவருடைய மதத்துக்குள்ளும் நோய்க்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் போய் நிற்போம்.

நம் ஊர்ச் சட்டத்துக்கு வருகிறேன். வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வயது, குடியுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்கும் பொறுப்பு, இனம், மதம், மொழித் திறன், உடற்குறை, மனநலம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. ‘குணம்’ இந்தப் பட்டியலில் இல்லை. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு, சட்டம் நடைமுறைக்கு வருவதிலிருந்து முதல் ஐந்து ஆண்டுகள் விலக்கும் உண்டு. உங்களிடம் 17 பேர். அப்படியானால் உங்களுக்குக் கவலை இல்லையா என்றால், அப்படி நினைத்துவிடாதீர்கள். நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிமுறைகள் சிறிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். டாஃபெப் என்று நாம் சொல்லும் முத்தரப்புக் கூட்டணிக்குப் புகார் போகலாம், அதன்மேல் மனிதவள அமைச்சும் நடவடிக்கை எடுக்கலாம்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பட்டியலில் இருப்பவையெல்லாம் குணம் என்ற பெயரில் வேஷம் மாற்றி உள்ளே வந்துவிடும் என்பது. “துடிப்பான ஆள் வேண்டும்” என்றால் பல சமயம் இளம் வயது ஆள் வேண்டும் என்று அர்த்தம். விளம்பரத்தில் இளமையான சூழல் என்று போடுவதைக்கூட அந்த நெறிமுறைகள் தவிர்க்கச் சொல்கின்றன. “டீம் ஸ்பிரிட் இல்லை” என்று ஒதுக்கப்படுபவர், வேலை முடிந்ததும் படுத்த படுக்கையாக இருக்கும் தாயைப் பார்க்க ஓடுகிறவராக இருக்கலாம். “கண்ணைப் பார்த்துப் பேசவில்லை” என்று குறை சொல்லப்படுபவர் ஆட்டிசம் உள்ளவராக இருக்கலாம். அவரே உங்கள் சரக்குக் கணக்கைப் பிசகில்லாமல் பார்த்துக்கொள்ளக்கூடியவராகவும் இருக்கலாம். மனநலப் பிரச்சினை உண்டா என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்பதே பாகுபாடு என்று 2020 முதல் நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. படிவத்தில் கேட்கக் கூடாததை “நீங்கள் அடிக்கடி மனம் சோர்ந்து போவீர்களா?” என்று ஓர் இணையத் தேர்வை வைத்துக் கேட்டால் மட்டும் சரியாகிவிடுமா? நீங்கள் வைத்த தேர்வில் அப்படி ஏதாவது கேள்வி இருந்ததா என்று எடுத்துப் பாருங்கள்.

இருவரின் தேர்வு முடிவும் இப்போது யார் கையில் இருக்கிறது? கொழுந்தனாரின் வாட்ஸ்அப்பிலா? அவை தனிநபர் தகவல். தேவை முடிந்த பிறகு வைத்திருக்கக் கூடாது என்பது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. என்னைக் கேட்டால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். அந்த முடிவைக் கணக்கில் எடுக்கவில்லை என்று இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

சரி, அப்புறம் எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?

நீங்களும் கொழுந்தனாரும் சமையலறைத் தலைவரும் உட்கார்ந்து, இந்த வேலையில் போன வருடம் எங்கெங்கே சொதப்பியது என்று எழுதுங்கள். சைவம் கேட்ட வீட்டுக்கு மீன் கறி போனதா? அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணம் என்பதைச் சமூக மன்றம் என்று எழுதியதால் லாரி வேறு இடத்துக்குப் போனதா? உணவைச் சமைத்த நேரம், இத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்ற நேரச் சீட்டு ஒட்டாமல் போனதா? வாடிக்கையாளர் கத்தியபோது ஆள் போனை வைத்துவிட்டாரா? அந்தப் பட்டியலிலிருந்து மூன்று நடத்தைகள் தேறும். கவனம், நெருக்கடியில் நிதானம், கெட்ட செய்தியைத் தள்ளிப்போடாமல் சொல்வது என்று வரலாம். இந்த மூன்றுதான் நீங்கள் பார்க்க வேண்டிய குணம். மற்றதெல்லாம் அவரவர் சொந்த விஷயம்.

பிறகு இருவரையும் மறுபடி கூப்பிட்டு ஒரே வேலையைக் கொடுங்கள். உங்கள் பழைய ஆர்டர் ஒன்றை எடுத்து, பெயரையும் போன் நம்பரையும் மறைத்து, அதில் நான்கு தவறுகளை நுழைத்து வையுங்கள். 150 பேர் என்று மேலே இருக்கும், தட்டு 120 என்று கீழே இருக்கும். உணவு ஒரு மணிக்கு, ஆனால் லாரி பன்னிரண்டே முக்காலுக்குத்தான் உட்லண்ட்ஸிலிருந்து பிடோக்குக்குக் கிளம்புகிறது. குறிப்பில் ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை ஆகாது என்று இருக்கும், மெனுவில் கடலைச் சட்னி இருக்கும். முட்டை சேராத கேக் என்று கேட்டிருப்பார்கள், யாரும் அதைச் சமையலறைத் தாளில் ஏற்றியிருக்க மாட்டார்கள். இருபது நிமிடம் கொடுத்து, “இதைச் சமையலறைக்கு அனுப்புவதற்கு முன்னால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள்.

அடுத்து ஒரு சூழ்நிலை. சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மணப்பெண்ணின் அம்மா போன் செய்து, 200 பேர் இல்லை, 240 பேர் வருகிறார்கள் என்கிறார். சமையலறையில் கேட்டால் முடியவே முடியாது என்கிறார்கள். “முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள், என்ன சொல்வீர்கள்? எந்த வார்த்தையில் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள்.” தமிழில் சொல்ல விரும்பினால் தமிழில் சொல்லட்டும், உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தமிழில்தான் பேசுவார்கள் என்று நினைக்கிறேன். இருவருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஒரே நேரம். மூன்று பேரும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள், போட்டு முடிக்கும்வரை ஒருவரோடு ஒருவர் பேசாதீர்கள். இது முக்கியம். பங்குதாரர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர் பேனா தானாக அந்தப் பக்கம் சாயும். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல், கலகலப்பாகப் பேசிப் பார்க்கும் நேர்காணலைவிட நன்றாகக் கணிக்கிறது என்பது ஆளெடுப்பு ஆராய்ச்சியில் மறுபடி மறுபடி வந்திருக்கும் முடிவு. ஆளுமைத் தேர்வைவிடவும் நன்றாகக் கணிக்கிறது.

அரைநாள் சமையலறையில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றினால் அந்த அரைநாளுக்குச் சம்பளம் கொடுங்கள். வேலை தேடி வருகிறவர் இல்லை என்று சொல்ல மாட்டார் என்ற தைரியத்தில் இலவசமாக வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம். நம் கடைகளில் இது அதிகம்.

நான் அந்தம்மாவுக்காக வாதாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதையெல்லாம் செய்த பிறகு அந்தத் தம்பி நன்றாகச் செய்தால் அவரை எடுங்கள். அவருடைய கலகலப்பும் வேலைக்கு உதவுகிற இடத்தில் தகுதிதான். கலங்கிப்போய் போன் செய்யும் மணப்பெண்ணின் அம்மாவை ஆசுவாசப்படுத்துவது சாதாரணத் திறமை இல்லை. ஆனால் அதை அந்தச் சூழ்நிலைக் கேள்வியில் காட்டட்டும். உங்களைச் சிரிக்க வைத்ததற்காக மதிப்பெண் போடாதீர்கள்.

இதுவரை உங்கள் முன் நடந்தவற்றில் வேலையோடு நேரடியாகத் தொடர்புள்ள செயல் ஒன்றே ஒன்றுதான். யாரும் கேட்காமலேயே அந்தம்மா படிவத்தைப் பார்த்து, அலர்ஜிக்கு இடம் இல்லை என்று கண்டுபிடித்தார். அலர்ஜி உள்ள ஒரு குழந்தை அந்தச் சட்னியைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் 17 பேரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. நேர்காணலில் பதற்றத்தோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்குத் தோன்றியது. அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளாமல், அவர் சிரிக்காததைக் குணம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். யாரை எடுத்தாலும் சரி, அந்தப் படிவத்தில் இந்த வாரமே ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.

எடுக்காத ஆளுக்குக் காரணம் சொல்லுங்கள். “வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்” என்ற ஒற்றை வரி போதாது. “நான்கு தவறில் இரண்டைக் கண்டுபிடித்தீர்கள், தேர்ந்தெடுத்தவர் நான்கையும் கண்டுபிடித்தார்” என்று சொன்னால் அவர் அடுத்த இடத்துக்குத் தயாராகப் போவார். எழுதிச் சொல்ல முடியாத காரணம் என்றால், அந்தக் காரணத்துக்காக அவரை மறுத்திருக்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் தாள்களைக் கொஞ்ச காலம் பத்திரமாக வைத்திருங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒன்று இருக்கும்.

புதிதாக வருகிறவரின் நியமனக் கடிதத்திலும், ஏற்கெனவே இருப்பவர்களுக்கும், சமையலறையில் யாரையும் அவமானப்படுத்திப் பேசுவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். தகுதிகாண் காலத்தில் மாதம் ஒருமுறை அவருக்குக் கீழே இருப்பவர்களிடமும் பக்கத்தில் இருப்பவர்களிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். அந்தச் சமையல்காரர் இன்னும் உங்களிடம்தான் வேலை பார்க்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், நாளை காலை முதல் பேச்சு அவரோடு இருக்கட்டும். விட்டுப்போன அந்த மூன்று பேரின் போன் நம்பர் உங்களிடம் இருந்தால், அவர்களிடமும் பேசிப் பாருங்கள்.